பின்வாசல் கஸ்டமர்கள்

ஜனவரி 12

தம்பிக்கு,

போனில் பேசினால் இரண்டாவது வாக்கியத்திலேயே நமக்குள் முட்டிக்கொள்கிறது. அதனால் மெயில். கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறேன். யாராவது வந்தால் பாதியில் எழுந்து போக வேண்டும். வருவார்கள் என்று தோன்றவில்லை.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். மார்ச் கடைசியோடு நம் கர்ட்டன் கடையின் வாடகை ஒப்பந்தம் முடிகிறது. கட்டடக்காரர் வாடகையை ஏற்றிவிட்டார். மூன்று வருஷத்துக்குப் புதிதாகக் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் கீழ்க்கடையைக் காலி செய்ய வேண்டும். நாம் குடியிருக்கும் மாடியை அவர் கேட்கவில்லை. பெரிய ரோட்டில் புதிதாக வந்திருக்கும் நாலு மாடிக் கடையில் கர்ட்டன் பிரிவுக்கு சூப்பர்வைசராக என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மாதச் சம்பளம், வாரம் ஒரு நாள் லீவு. உன் அத்தானுக்கும் அங்கேயே துணி வெட்டும் வேலை கிடைக்குமாம். போய்விடு என்று உடம்பு சொல்கிறது. தையல் மிஷினில் உட்கார்ந்து எழுந்தால் முதுகு நிமிர அரை மணி நேரம் ஆகிறது.

நீ செய்து வைத்துவிட்டுப் போன வெப்சைட்டிலிருந்து தினமும் ஒரு மெயில் வருகிறது, இன்று இத்தனை பேர் வந்தார்கள் என்று. விளம்பரத்துக்கு மாதாமாதம் பணமும் போகிறது. வருகிறார்கள், பார்க்கிறார்கள், போய்விடுகிறார்கள். ஆர்டர் என்று பார்த்தால் கை விரல் மிச்சம். கடைக்குள் வருகிறவர் முகத்தைப் பார்த்தாலே வாங்க வந்தவரா, மழைக்கு ஒதுங்கியவரா என்று எனக்குத் தெரிந்துவிடும். இங்கே முகமே இல்லை, வெறும் எண். எண்ணைப் பார்த்து நான் யாரிடம் துணியை விரித்துக் காட்டுவது?

நீ கொஞ்சம் பார்த்துச் சொல். வெப்சைட்டை நம்பிக் கையெழுத்துப் போடலாமா, வேண்டாமா. அது தெரிந்தால் போதும். பாஸ்வேர்டு பழையதுதான், மாற்றத் தெரியாததால் மாற்றவில்லை.

அப்பா மாடியில் இருக்கிறார். இடுப்பில் அடிபட்ட பிறகு படி இறங்குவதில்லை. உன் பேச்சு வந்தால் டிவி சத்தத்தைக் கூட்டுகிறார்.

அக்கா


ஜனவரி 19

அக்காவுக்கு,

ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு எழுதுகிறாய், எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை இல்லை. பரவாயில்லை. எப்படி இருக்கிறேன் என்று என்னிடம் யார் கேட்டாலும் எனக்குப் பதில் தெரியவில்லை.

கீழ்க்கடையை மூடிவிட்டு ஆன்லைனில் மட்டும் விற்போம் என்று நான் சொன்னபோது, "கடைக்கு வெளிய நின்னுக்கிட்டு கடை நடத்த முடியாதுடா" என்று அப்பா சொன்னார். நீ அவர் பக்கம் சாய்ந்தாய். இப்போது கட்டடக்காரர் சொல்லும்போது அதே விஷயம் யோசிக்க வேண்டியதாகிவிட்டது. இதைச் சொல்லிக்காட்டக் கூடாது என்று நினைத்துத்தான் எழுத ஆரம்பித்தேன். முடியவில்லை.

என் வேலையும் இதுதானே. பகலெல்லாம் திரையைப் பார்த்துக்கொண்டு, யார் யாரோ எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றார்கள், எங்கே பயந்து ஓடினார்கள் என்று பார்க்கிறேன். பட்டனைச் சிவப்பாக்கினால் எத்தனை பேர் அமுக்குகிறார்கள், பச்சையாக்கினால் எத்தனை பேர். மேனேஜர் வந்து "இன்னும் கொஞ்சம் தள்ளுங்க" என்பார். ஆட்களைத்தான் சொல்கிறார்.

உன் தளத்தைப் பார்த்தேன். இரண்டு கோளாறு இருக்கிறது.

ஒன்று, தேடும்போது மேலே வரும் நம் விளம்பரத்தை ஒருவர் தினமும் காலையிலேயே அமுக்கு அமுக்கு என்று அமுக்கித் தீர்த்துவிடுகிறார். ஒவ்வொரு முறை அமுக்கும்போதும் நமக்குக் காசு போகும். அன்றைய பட்ஜெட் கடை திறக்கிற நேரத்துக்கே காலி. நிஜமாக வாங்க நினைப்பவர் மத்தியானம் தேடினால் நம் விளம்பரமே இருக்காது. ஆள் உங்கள் ஊர்தான், ஒரே போன்தான். உள்ளே வந்து, கடை விலாசம் இருக்கும் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று, வெளியே போய், மறுபடி வருகிறார். இது போட்டிக்காரர்கள் செய்கிற வேலை. எதிர்க்கடையில் இப்போது யார் இருக்கிறார்கள்?

இன்னொன்று, மற்றவர்கள் வந்தாலும் அளவு போடும் இடத்தில் ஓடிவிடுகிறார்கள். ஏன் என்று தெரியவில்லை. அவர்களைக் கொஞ்சம் அவசரப்படுத்துவதற்காக ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: "இந்த கர்ட்டனை இப்போது பதினேழு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்." எல்லாத் தளத்திலும் இருப்பதுதான். வேலை செய்யும்.

தம்பி


ஜனவரி 28

தம்பிக்கு,

முதலில் அந்தப் பதினேழு பேரை வெளியே அனுப்பு.

நேற்று ஒரு அம்மா கடைக்கே போன் செய்தார். "பதினேழு பேர் பாக்கறாங்கன்னு போட்டிருக்கே, எனக்குத் துணி மிஞ்சுமா?" என்று கேட்டார். நான் கடையைச் சுற்றிப் பார்த்தேன். நானும், உன் அத்தானும், மேஜை மேல் ஒரு கத்தரிக்கோலும். "மிஞ்சும்மா, நிறையவே மிஞ்சும்" என்றேன். சிரித்துவிட்டு வைத்துவிட்டார். ஆர்டர் தரவில்லை.

உனக்கு மறந்துவிட்டதா? கடை காலியாக இருக்கும்போதெல்லாம் அப்பா நம் இரண்டு பேரையும் பின்வாசல் வழியாக அனுப்பி, பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு முன்வாசலில் உள்ளே வரச் சொல்வார். "காலிக் கடைக்குள்ள எவனும் கால வைக்க மாட்டான். நீங்க போயி நாலு துணியத் தொட்டுப் பாத்துக்கிட்டு நில்லுங்க." பக்கத்து வீட்டு அத்தை, சித்தப்பா, ஒரு நாள் தபால்காரர் கூட நின்றிருக்கிறார். நான் எத்தனை தடவை என் சொந்தக் கடையில் விலை கேட்டுவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே போயிருக்கிறேன். இந்த வயதில் மறுபடி அதையே செய்ய எனக்குத் தெம்பு இல்லை. அதுவும் பதினேழு பேராக.

எதிர்க்கடை விஷயம். நீ எழுதியதைப் படித்த சூட்டோடு போய்விட்டேன். அங்கே இப்போது பெயின்ட் கடை. பழைய ஓனரின் மருமகள் நடத்துகிறாள். கர்ட்டனுக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது போர்டைப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். நான் போர்டைப் பார்க்கவில்லை. "எங்க விளம்பரத்த எதுக்கு அமுக்கறீங்க?" என்று கேட்டேன். அவள் டப்பாவைக் கலக்கிக்கொண்டே, "எதை அமுக்கினேன்?" என்றாள். விஷயத்தைச் சொன்னதும் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்திருப்பாள். அன்று முதல் உன் அத்தான் என்னைப் பார்த்து, "இன்னிக்கு யார் கடைக்குச் சண்டைக்குப் போறோம்?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

யார் என்று தெரியாவிட்டாலும் சரி, அந்த ஆளை நிறுத்த வழி இருந்தால் நிறுத்து. நாலு மாடிக் கடைக்காரர்கள் பதில் கேட்டு ஆள் அனுப்பினார்கள். மார்ச் முதல் வாரம் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

அக்கா


பிப்ரவரி 4

அக்காவுக்கு,

பதினேழு பேரை எடுத்துவிட்டேன்.

மறக்கவில்லை. நீ விலை கேட்டுவிட்டு வெளியே போனால் அதோடு முடிந்தது. எனக்கு முடியவில்லை. ஒரு தடவை நான் ஸ்கூல் யூனிஃபார்மோடு நின்று, "இது மீட்டர் எவ்வளவு சார்?" என்று அப்பாவைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது என் கிளாஸ் டீச்சர் உள்ளே வந்தார். வீட்டில் என்னைச் சுண்டு என்று கூப்பிடுகிற அப்பா கொஞ்சம் கூட அசராமல், "தம்பிக்கு நல்ல துணியா எடுத்துக் காட்டுங்க" என்று உன்னிடம் சொன்னார். டீச்சர் என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு. இரண்டு ஜன்னலுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனார். அப்பாவுக்கு அன்றைக்கு ஒரே சந்தோஷம். நான் அந்த வருஷம் முழுக்க அந்த டீச்சர் வகுப்பில் தலை நிமிரவில்லை.

அதிலிருந்து தப்பித்துத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். வந்து இங்கே என்ன செய்கிறேன் என்று நீயே எழுதிவிட்டாய். கோபம் வந்தது. உன் மேல் இல்லை.

அந்தப் போனை அடைத்துவிட்டேன். இனி அதில் நம் விளம்பரமும் தெரியாது, தளமும் திறக்காது. வேறு வழியாக உள்ளே வரப் பார்த்தாலும் "அனுமதி இல்லை" என்று மட்டும் வரும். மூன்று நாளாகப் பட்ஜெட் சாயங்காலம் வரை நிற்கிறது. ஆட்களும் வருகிறார்கள். ஆனால் அளவு போடும் இடத்தில் அதே ஓட்டம்தான். நல்ல படிவம் அது, நானே உட்கார்ந்து செய்தது. அகலம், நீளம், துணி, அவ்வளவுதான். இதற்குப் போய் யார் பயப்படுவார்கள்?

கையெழுத்துப் போடலாமா என்று கேட்டாய். இந்த நிலைமையில் போடாதே என்றுதான் சொல்வேன். இதைச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை.

தம்பி


பிப்ரவரி 15

தம்பிக்கு,

யார் என்று தெரிந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை கடை திறந்து, துணி உதறிக்கொண்டிருந்தோம். மாடிப்படியில் தடதடவென்று ஏதோ உருளுகிற மாதிரி சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் அப்பா. நிற்க முடியாமல், ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி வந்துகொண்டிருக்கிறார். ஊன்றுகோல் முன்னாலேயே கீழே விழுந்துவிட்டது. கையில் போன். முகம் வெளுத்திருந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம கடைய மூடிட்டீங்களா?" என்றார்.

"யாருப்பா மூடினா? தொறந்துதானே இருக்கு."

"ஒரு வாரமா உள்ள விட மாட்டேங்குது. அனுமதி இல்லைன்னு வருது. என் கடைக்கு எனக்கு அனுமதி இல்லியாம்." போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

நானும் உன் அத்தானும் இரண்டு பக்கம் பிடித்து அவரை வெட்டு மேஜைக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார வைத்தோம். தண்ணீர் குடித்துவிட்டுக் கடையை ஒரு சுற்றுப் பார்த்தார். அப்புறம்தான் மூச்சு வந்தது. நான் மெதுவாகக் கேட்டேன், தினமும் என்னப்பா செய்வீங்க என்று. ஏதோ ரகசியத் தொழிலைச் சொல்வது போலச் சொன்னார். "காலையில எந்திரிச்சதும் கடைப் பேரைப் போட்டு, மேல வர்றத அமுக்கி உள்ள வருவேன். வெளிய போவேன். மறுபடி வருவேன். ஆள் வந்தாத்தான் கடை மேல வரும்னு வெப்சைட்டு போட்டப்ப அவன்தானே சொன்னான். காலியா இருந்தா யாரு வருவா? கீழ எறங்கி வந்து நிக்க முடியல, இதையாவது செய்வோம்னு."

"அந்த விலாசப் பக்கத்துல எதுக்கு நிப்பீங்க?"

"வந்த உடனே திரும்பிப் போனா நல்லாவா இருக்கும்? ஒரு கஸ்டமர்னா நாலு நிமிஷம் நின்னு பாத்துட்டுத்தானே போவான்."

உன் அத்தான் சிரிப்பை அடக்க முடியாமல் துணிக்கட்டுக்குப் பின்னால் போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விளம்பரக் காசையெல்லாம் கரைத்தது நீங்கள்தான் என்று சொல்ல வாயெடுத்தேன், முடியவில்லை. "ஏதோ ரிப்பேர்ப்பா, சரி பண்ணிடுவாங்க" என்று சொல்லி வைத்திருக்கிறேன். யார் சரி செய்வார் என்று அவர் கேட்கவில்லை. "சீக்கிரம் பண்ணச் சொல்லு" என்றார்.

அவரை மறுபடி மாடிக்கு ஏற்ற, பெயின்ட் கடைப் பெண்ணும் வந்து கைகொடுக்க வேண்டியிருந்தது. என்னால் இனி முடியாது என்று அன்றைக்கு நிஜமாகவே தோன்றியது. கடை, அவர், நான், எல்லாமே.

அடைத்ததைத் திற.

அக்கா


பிப்ரவரி 18

அக்காவுக்கு,

திறந்துவிட்டேன். படித்ததும் சிரித்தேன். அப்புறம் ஆபீஸில் உட்கார முடியவில்லை, மாடிப்படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுவிட்டேன். என் சொந்த அப்பாவை எதிரிக் கடைக்காரன் என்று கண்டுபிடித்து, அவருக்கு அனுமதி இல்லை என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். இதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

இதோடு ஒரு லிங்க் அனுப்பியிருக்கிறேன். அப்பா போனில் அதைத் திறந்து, முகப்பில் ஒரு படமாக வைத்துவிடு. அதை அமுக்கினால் விளம்பரம் வழியாகப் போகாமல் நேராகத் தளத்துக்கே போகும், காசு போகாது. எத்தனை தடவை வேண்டுமானாலும் வரட்டும், போகட்டும். முன்னைவிடச் சுலபமான வழி என்று சொல். நான் செய்தேன் என்று சொல்ல வேண்டாம். உன் இஷ்டம்.

தம்பி


மார்ச் 3

தம்பிக்கு,

அந்தப் படத்தை வைத்துக் கொடுத்துவிட்டேன். "இது நல்லாருக்கு, தேட வேண்டியதில்ல" என்றார். இப்போது சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு நடை, பின்னால் ஒரு நடை, கடைக்குள் வந்துவிட்டுப் போகிறார்.

இது வேறு விஷயம். நேற்று ஒரு ஆர்டர் வந்தது. ஒரு ஜன்னல், அடர்த்தியான துணி, லைனிங்கோடு. சந்தோஷமாகத்தான் இருந்தது, விலாசத்தைப் பார்க்கும் வரை. உன் தெரு. உன் வீட்டு எண். பெயர் போடும் இடத்தில் "கஸ்டமர்" என்று போட்டிருக்கிறாய்.

எனக்கு இப்படி உதவி செய்யாதே. அப்பா செய்தால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடலாம். நீயும் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து நின்றால் நான் என்ன செய்வேன்? அதுவும் நீளம் என்ற இடத்தில் பூஜ்யம் போட்டிருக்கிறாய். நடிப்பதையாவது ஒழுங்காக நடித்திருக்கலாம். ஆர்டரை நிறுத்தி வைத்திருக்கிறேன். பணத்தைத் திருப்பி அனுப்புகிறேன்.

நாலு மாடிக் கடைக்கு வெள்ளிக்கிழமை பதில் சொல்ல வேண்டும். வருகிறேன் என்றுதான் சொல்லப்போகிறேன். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

அக்கா


மார்ச் 4

அக்காவுக்கு,

வெள்ளிக்கிழமைக்கு முன்னால் இதைப் படித்துவிடு.

நான் நடிக்கவில்லை. என் அறையில் ஒரே ஒரு ஜன்னல். வந்த நாளிலிருந்து அதில் ஒரு பெட்ஷீட்டைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருக்கிறேன். மத்தியானம் வெயில் நேராகக் கட்டிலில் விழும். லீவு நாளில் கூடத் தூங்க முடியாது. கர்ட்டன் கடைக்காரன் மகன், ஜன்னலில் பெட்ஷீட். அப்பா உட்கார்ந்து உட்கார்ந்து படி இறங்கினார் என்று நீ எழுதியதைப் படித்த அன்று அந்த பெட்ஷீட்டைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. சரி, காசு கொடுத்து நம் கடையிலேயே வாங்குவோம் என்று உட்கார்ந்தேன்.

அந்தப் படிவத்தைச் செய்து இத்தனை நாளில் நான் ஒரு தடவை கூட அதில் ஆர்டர் போட்டதில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு நாற்காலி மேல் ஏறினேன். அகலம் எடுத்தாயிற்று. "நீளம்: ராடிலிருந்து கீழே வரை" என்று கேட்டது. என் ஜன்னலில் ராடே இல்லை. எங்கே மாட்டுவது, ஜன்னலுக்கு எவ்வளவு மேலே என்று எனக்கே தெரியவில்லை. காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்கு விட மாட்டேன் என்கிறது. அதனால்தான் பூஜ்யம். வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் மூடிவிட்டுப் போயிருப்பார்கள். போய்க்கொண்டுதானே இருந்தார்கள்.

புதிதாகக் கர்ட்டன் வாங்குகிறவர் யார்? புது வீட்டுக்கு வந்தவர்தான். அவர் வீட்டில் ராடு எங்கே இருக்கும்? கடைக்குள் யார் வந்தாலும் நீ கேட்கும் முதல் கேள்வி, "ராடு மாட்டியாச்சா?" சின்ன வயதிலிருந்து அதைக் கேட்டுக்கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. படிவம் செய்யும்போது அது மட்டும் ஞாபகம் வரவில்லை.

மாற்றிவிட்டேன். இப்போது முதல் கேள்வியே அதுதான். மாட்டவில்லை என்றால் போன் நம்பரை மட்டும் கொடுத்தால் போதும், கடையிலிருந்து கூப்பிட்டுச் சொல்வார்கள் என்று போட்டிருக்கிறேன். யார் கூப்பிடுவது என்று யோசிக்கவில்லை. நீதான் மிஷினில் இருப்பாயே.

நாலு மாடிக்காரர்களிடம் இன்னும் பத்து நாள் கேள். என் ஆர்டரை நிறுத்தாதே.

தம்பி


மார்ச் 17

தம்பிக்கு,

கேட்டேன். கொடுத்தார்கள், முகத்தைச் சுளித்துக்கொண்டு.

நம்பர்கள் வருகின்றன. மழை மாதிரிக் கொட்டவில்லை, ஆனால் வராத நாள் இல்லை. முதல் இரண்டு நாள் நானே கூப்பிட்டேன். மிஷினை நிறுத்தி நிறுத்தி எழுந்ததில் ஒரு திரையின் மடிப்பு கோணலாகிப் பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று. மூன்றாம் நாள் நம்பர்களை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். பேச ஆள் கிடைத்தால் அவருக்குக் கேட்க வேண்டுமா? ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது, வீட்டில் குழந்தை இருக்கிறதா, இழுத்துத் தொங்குமா என்று அரை மணி நேரம் பேசுகிறார். சிலர் வெறுத்துப்போய் வைத்துவிடுகிறார்கள். பாதிப் பேர் ஆர்டர் கொடுக்கிறார்கள். கடைக்குள் நடந்துவிட்டுப் போவதற்கு இப்போது அவருக்கு நேரமில்லை.

கையெழுத்துப் போடவில்லை. அந்த வாடகைக்கு இது போதாது. நாலு மாடிக் கடைக்கும் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். கீழ்க்கடையைக் காலி செய்துவிட்டு மிஷினையும் மேஜையையும் மாடிக்கு ஏற்றப்போகிறோம். ஒரு ஆறு மாதம் பார்க்கலாம் என்று உன் அத்தான் சொல்கிறார். நீ முதலில் சொன்னதுதான், தெரியும். சொல்லிக்காட்டாதே. அப்பாவிடம் சொன்னபோது, "மேஜைய ஜன்னல் பக்கம் போடுங்க, எனக்கு வெட்டறது தெரியணும்" என்றார்.

உன் நம்பரும் அந்தக் காகிதத்தில் இருக்கிறது. ஆபீஸ் நம்பரைத்தான் கொடுத்திருந்தாய், அதனால் அவருக்குத் தெரியாது. நானும் யார் என்று சொல்லவில்லை. போனை எடு.

அக்கா


மார்ச் 20

அக்காவுக்கு,

கூப்பிட்டார்.

"வணக்கம் சார், கர்ட்டன் கடையிலேர்ந்து பேசறேன். ராடு மாட்டியாச்சா?"

இன்னும் இல்லை சார் என்றேன். சார் என்றுதான் வந்தது. ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அவரோடு பேசும் முதல் வார்த்தை. அந்தப் பக்கம் டிவி ஓடுவது கேட்டது. அப்புறம் அதை நிறுத்தினார்.

"ஜன்னல் எந்தப் பக்கம் சார்?"

மேற்கு என்றேன். மத்தியான வெயில் உள்ளே விழுமே, தூக்கம் வருமா என்றார். வராது என்றேன். லைனிங் ரெட்டையாகப் போடச் சொல்கிறேன், கூடுதல் காசு வேண்டாம் என்றார். ஜன்னலுக்கு மேலே நாலு விரல் விட்டு ராடு மாட்டச் சொன்னார். வீட்டுக்குப் போய் அளந்து சொல்லுங்கள், நானே மறுபடி கூப்பிடுகிறேன் என்றார். மறுநாள் கூப்பிட்டார். நீளம் சொன்னேன். இரண்டு தடவை திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார். வைக்கும் முன்னால், "ஒரு தடவ கடைக்கு நேர்ல வாங்க சார்" என்றார். வருகிறேன் என்றேன். "முன்வாசல் வழியாவே வாங்க."

அக்கா, அவருக்குத் தெரிந்துவிட்டதா?

சுண்டு


மார்ச் 29

சுண்டுவுக்கு,

இந்தத் துண்டுக் கடிதம் உன் கர்ட்டன் பார்சலுக்குள் இருக்கிறது. லைனிங் ரெட்டைதான். வெட்டும்போது அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து உன் அத்தானைப் படுத்தாத பாடு இல்லை.

நீ கேட்டதற்குப் பதில். முதல் நாள் போனை வைத்ததும் என்னைக் கூப்பிட்டார். "அவன் ஜன்னலுக்கு ஒரு திரை கூட இல்லியாம். இத்தன நாளு எப்படித் தூங்கினான்?" என்றார். அவ்வளவுதான். பிறகு அடுத்த நம்பரைக் கூப்பிடப் போய்விட்டார்.

நேற்று கீழ்க்கடையின் சாவியைக் கொடுத்தாயிற்று. அவர் சொன்ன முன்வாசல் இனி இல்லை. பக்கத்தில் மாடிப்படி இருக்கிறது, கைப்பிடி ஆடும், பார்த்து ஏறு. நீ எப்போது வருவாய் என்று அவர் கேட்கவில்லை. மேஜையை ஜன்னல் பக்கத்திலிருந்து நகர்த்தி, தன் நாற்காலியைப் படிக்கு நேராகப் போடச் சொல்லியிருக்கிறார்.

அக்கா